சங்கத்தின் விலாசம் யாருடைய சொத்து?

ஆய்வுக்காக ஒரு சங்கத்துக்குச் சென்றால் நான் முதலில் எண்ணுவது ரொக்கக் கையிருப்பை. பிறகு சரக்கு இருப்பு, அங்கத்தினர் பதிவேடு, தீர்மானப் புத்தகம் என்று வரிசையாகப் பார்ப்பது வழக்கம். தபால்தலைக் கணக்கில் ஐந்து ரூபாய் குறைந்தாலும் காரியதரிசியிடம் விளக்கம் கேட்டு எழுதி வாங்கிக் கொள்வோம். ஆனால் சங்கத்துக்கு வரும் கடிதங்களில் பெரும்பகுதி இன்று எதன் வழியாக வருகிறதோ, அந்த மின்னஞ்சல் பெட்டியைப் பற்றி நான் பல ஆண்டுகள் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. அது என் குறை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒரு நெசவாளர் சங்கத்தில் நேர்ந்ததைக் கண்ட பிறகுதான் எனக்குக் கண் திறந்தது.

அச்சங்கத்தின் பெயர் இங்கே வேண்டியதில்லை. நல்ல சங்கம்; படுக்கை விரிப்பும் துண்டும் அங்கே நேர்த்தியாக நெய்யப்படுகின்றன. ஆடி மாதம் தொடங்கிச் சில வாரங்களாக அங்கே மின்னஞ்சல் ஒன்றும் வரவில்லை. இங்கிருந்து அனுப்பியவையும் போய்ச் சேரவில்லை. குமாஸ்தா, கணினியில் உள்ள அஞ்சல் மென்பொருள் பழுதாகிவிட்டது என்று கருதினார். பழுது பார்ப்பவர் வந்தார். கணினியை முழுவதும் துடைத்து, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றிக் கொடுத்துவிட்டுக் கூலியைப் பெற்றுக்கொண்டு போனார். அதன் பிறகும் கடிதம் வரவில்லை. அது மட்டுமா? பழைய கடிதங்கள் அத்தனையும் மறைந்தன. வியாபாரிகளின் பெயரில் ஓர் எழுத்தைத் தட்டினாலே தாமாக வந்து நின்ற விலாசங்களும் மறைந்தன. நோய் அப்படியே இருக்க, நோயாளியின் உடைமைகள் மட்டும் போய்விட்டன.

புரட்டாசியில் ஒரு கண்காட்சியில் பெங்களூர் வியாபாரி ஒருவரைக் காரியதரிசி தற்செயலாகச் சந்தித்தார். தீபாவளிக்காக விரிப்புகள் கேட்டு இரண்டு முறை எழுதியதாகவும், இரண்டு முறையும் கடிதம் திரும்பி வந்ததாகவும் அவர் சொல்லித் தம் கைப்பேசியிலேயே காட்டினாராம். "சங்கத்தை மூடிவிட்டீர்கள் என்றே நினைத்தேன்" என்றாராம். ஆர்டர் வேறிடம் போய்விட்டது. அந்த ஐப்பசியில் பல தறிகளுக்குப் பாவு கொடுக்கச் சங்கத்தால் இயலவில்லை. பொதுக்குழுவில் ஓர் அங்கத்தினர் எழுந்து, "யாரோ எழுதிய கடிதம் யாருக்கோ சேராததற்கு என் தறி ஏன் நிற்க வேண்டும்?" என்று கேட்டார். மேடையில் இருந்தவர்களிடம் அதற்குப் பதில் இல்லை. கீழே அமர்ந்திருந்த என்னிடமும் இல்லை.

மறுநாள் குமாஸ்தாவுடன் அமர்ந்து பார்த்தேன். மென்பொருளைத் தொடாமல், இணையத்தின் வழியே நேராகக் கடிதப் பெட்டியைத் திறக்க முயன்றோம். கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்ட பெட்டி, உரிமையாளரின் கைப்பேசிக்கு அனுப்பிய எண்ணையும் கேட்டது. யார் அந்த உரிமையாளர்? மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்ற பழைய காரியதரிசி! அவர் இப்போது கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார். தொலைபேசியில் கூப்பிட்டோம். "அது என் சொந்தக் கணக்குதான் சார். அப்போது சங்கத்துக்கென்று வேறே ஏது?" என்றார். எண்ணை உடனே சொன்னார். பெட்டி திறந்தது. உள்ளே கடிதங்கள் விரல் விட்டு எண்ணும் அளவே இருந்தன. ஆனால் இடம் நிரம்பிவிட்டது என்ற அறிவிப்பு மேலே நின்றது. பெட்டியை நிரப்பியிருந்தவை அவருடைய பேத்தியின் கல்யாணப் படங்கள்.

இதில் குற்றவாளி யாரும் இல்லை. பெரியவர் சங்கத்துக்கு உதவியாகத் தம் கணக்கைக் கொடுத்தார். பேத்தியின் படங்களைத் தம் கணக்கில் வைத்துக்கொள்ள அவருக்கு முழு உரிமை உண்டு. குமாஸ்தாவும் சும்மா இருக்கவில்லை. தமக்குத் தெரிந்ததைச் செய்தார். அப்படியிருந்தும் சங்கம் ஓர் ஆர்டரை இழந்தது. சங்கத்தின் விலாசம் சங்கத்தினுடையதாக இல்லை என்பதே காரணம்.

1912ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தில் 15ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. பதிவு பெற்ற ஒவ்வொரு சங்கத்துக்கும் முறைப்படி பதிவான ஒரு விலாசம் இருத்தல் வேண்டும். அறிவிப்புகளும் கடிதப் போக்குவரத்தும் அதற்கு அனுப்பப்படும். விலாசம் மாறினால் பதிவாளருக்குத் தெரிவித்தல் வேண்டும் என்பது அதன் சாரம். நம் மாநிலத்தில் அதன் பின் 1932, 1961, 1983 என்று மூன்று முறை சட்டம் புதிதாக இயற்றப்பட்டது. தபால்காரர் சைக்கிளில் வந்த காலத்திலேயே, விலாசம் என்பது காரியதரிசியின் வீட்டுத் திண்ணையன்று, சங்கத்தின் உடைமை என்று சட்டம் செய்தவர்கள் எண்ணியிருக்கிறார்கள். மின்னஞ்சல் வந்த பிறகு நாம்தாம் அதைத் திண்ணைக்கு இறக்கிவிட்டோம்.

இனி, பழுது பார்க்கும் முறையைப் பற்றிச் சில வார்த்தைகள். தறியில் ஓர் இழை அறுந்தால் எந்த நெசவாளரும் தறியைப் பிரித்துப் போடுவதில்லை. அறுந்த இழை எது என்று கண்டு முடிச்சுப் போடுகிறார். மோட்டார் தண்ணீர் இறைக்கவில்லையென்றால் விவசாயி முதலில் ஃபியூஸைப் பார்க்கிறார். புதுக் கிணறு வெட்ட ஆள் கூப்பிடுவதில்லை. கணினி முன் அமர்ந்ததும் மட்டும் இந்த அறிவை நாம் எங்கேயோ வைத்துவிடுகிறோம்.

கடிதம் வரவில்லையென்றால் முதல் சோதனை ஒன்றே ஒன்று. மென்பொருளை மூடிவிட்டு, இணையத்தில் நேராகக் கடிதப் பெட்டியைத் திறந்து பார்த்தல் வேண்டும். கடிதம் அங்கே இருந்து, மேசைக் கணினியின் அவுட்லுக் போன்ற மென்பொருளில் மட்டும் இல்லையென்றால் கோளாறு மென்பொருளில். அங்கேயும் இல்லையென்றால் மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. அடுத்ததாக ஸ்பாம் என்னும் ஒதுக்குப் பெட்டியைப் பார்க்க வேண்டும். ஜிமெயிலில் அந்தப் பெட்டிக்குப் போன கடிதம் 30 நாளில் தானே அழிந்துவிடும் என்பதால் மாதக் கடைசியில் பார்க்கலாம் என்று தள்ளிப் போடுவது ஆகாது. ஜிமெயிலின் இலவசக் கணக்கில் 15 ஜி.பி. இடம் உண்டு. அந்த இடம் கடிதங்களுக்கு மட்டும் உரியதன்று. படங்களும் கோப்புகளும் அதையே பங்கிட்டுக் கொள்கின்றன. ஆகவே நான்கே கடிதம் உள்ள பெட்டியும் நிரம்பிப் போகலாம். நிரம்பிய பெட்டிக்குக் கடிதம் வாராது. அதிலிருந்து போகவும் போகாது.

நாம் அனுப்பிய கடிதம் திரும்பி வந்தால் அதைப் படிக்காமல் அழித்துவிடுவது பலருடைய வழக்கம். ஆங்கிலத்தில் நீளமாக இருப்பதால் அஞ்சுகிறார்கள் போலும். அதில் முழுவதும் படிக்க வேண்டியதில்லை. எண்ணை மட்டும் தேடினால் போதும். 5.1.1 என்றிருந்தால் அப்படி ஒரு விலாசமே இல்லை. எழுத்துப் பிழையாகவோ, மூடப்பட்ட கணக்காகவோ இருக்கும். 5.2.2 என்றிருந்தால் எதிராளியின் பெட்டி நிரம்பிவிட்டது. தொலைபேசியில் சொல்ல வேண்டும். எண் 4இல் தொடங்கினால் தற்காலிகத் தடை. அஞ்சல் இயந்திரமே மீண்டும் முயலும். மேலே சொன்ன பெங்களூர் வியாபாரி தம்மிடம் திரும்பி வந்த எண்ணைப் பார்த்து ஒரு தொலைபேசி செய்திருந்தால் கதை வேறாக முடிந்திருக்கும். ஆனால் அதை அவரிடம் எதிர்பார்க்க நமக்கு உரிமை இல்லை.

போகும் கடிதம் அவுட்பாக்ஸிலேயே நின்றுவிடுவது இன்னொரு தொல்லை. பெரும்பாலும் ஒரு பெரிய இணைப்புதான் வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். புடவைப் படங்களைக் கொத்தாக இணைத்து அனுப்பும் சங்கங்களில் இதைக் காணலாம். ஜிமெயிலில் ஒரு கடிதத்துக்கு எல்லை 25 எம்.பி. அனுப்பும்போது இணைப்பு, எழுத்துகளாக மாற்றப்பட்டு மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடுவதால் பெரிய படங்கள் எல்லையைத் தாண்டிவிடக்கூடும். மென்பொருளை இணையத் தொடர்பில்லாத நிலைக்கு மாற்றி, அந்த ஒரு கடிதத்தை எடுத்துவிட்டால் பின்னால் நிற்பவை தாமே போய்விடும்.

சரியான கடவுச்சொல்லையே மறுபடி மறுபடி கேட்கும் மென்பொருளைப் பற்றியும் முறையீடு உண்டு. பழைய மென்பொருள்களுக்குப் பெயரும் கடவுச்சொல்லும் மட்டுமே தெரியும். அவை மட்டும் கொடுத்து உள்ளே வரும் வழியைத் தனிநபர் கணக்குகளுக்குக் கூகிள் 2022 மே மாத இறுதியில் அடைத்துவிட்டது. அதற்கு மாற்று, கணக்கில் இரண்டு கட்டச் சரிபார்ப்பை ஏற்படுத்தி, அந்த மென்பொருளுக்கென்று 16 எழுத்துள்ள தனிக் கடவுச்சொல் ஒன்றைப் பெறுவது. அவுட்லுக் 2016, 2019 ஆகிய பதிப்புகளுக்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அவை ஓடும், ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் இனி வாரா. இதனினும் அற்பமான காரணம் ஒன்றைப் பாதுகாப்பாக மூடிக் கிடந்த ஒரு சங்கத்தில் கண்டேன். கணினிக்குள் கடிகாரத்துக்கென்று உள்ள நாணயம் போன்ற சிறு பேட்டரி தீர்ந்துபோய், தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தது. தேதி பொய்யானால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று சொல்லி மென்பொருள் கதவை மூடிவிடும். சிறு பேட்டரி ஒன்றை மாற்றியதும் வேலை தொடங்கிற்று. அதற்குள் புதுக் கணினி வாங்கத் தீர்மானம் எழுதப்பட்டிருந்தது.

துடைத்தெடுக்கும் வைத்தியத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கடிதங்கள் எங்கே இருக்கின்றன? பாப் என்னும் முறையில் மென்பொருள் கடிதங்களைப் பெட்டியிலிருந்து இறக்கிக்கொண்டு, அங்கே உள்ள நகலை நீக்கிவிடக்கூடும். அப்போது சங்கத்தின் கடிதங்கள் முழுவதும் அந்த ஒரு கணினியில், பி.எஸ்.டி. என்று முடியும் ஒரே கோப்புக்குள் அடங்கிக் கிடக்கும். ஐமேப் முறையில் மூலப்பிரதி பெட்டியிலேயே இருக்கும். கணினியில் இருப்பது நகல். நம் நெசவாளர் சங்கத்தில் இருந்தது முன்னது. அந்த ஒரு கோப்பைப் படியெடுத்து வைத்துக்கொள்ளாமல் துடைத்ததால் பல ஆண்டுக் கடிதங்கள் போயின. கோப்பு பழுதாகிவிட்டது என்றால்கூட அவுட்லுக்கோடு வரும் ஸ்கேன்பிஎஸ்டி என்னும் சிறு கருவியால் பல சமயம் சரி செய்ய இயலும். அதையும் ஒரு நகலின் மேல்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

தாமாக வந்து நின்ற விலாசங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவை விலாசப் புத்தகம் அல்ல. நாம் முன்பு எழுதியவற்றை மென்பொருள் நினைவில் வைத்துக்கொண்டு எடுத்துக் கொடுக்கிறது, அவ்வளவே. தவறான விலாசத்துக்கு ஒரு முறை எழுதியிருந்தால் அந்தத் தவற்றையும் விசுவாசமாக எடுத்துக் கொடுக்கும். பக்கத்தில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் அந்தத் தவறான விலாசம் நீங்கிவிடும். இந்த நினைவை நம்பி, தனியாக விலாசப் பட்டியல் வைக்காத சங்கங்களே நான் பார்த்தவற்றுள் அதிகம்.

பட்டியல் வைத்தவர்களும் இடறுவதுண்டு. ஒரு விவசாயிகள் சங்கத்தில் கொள்முதல் தேதியை அங்கத்தினர்களுக்கு அறிவிக்க, பெயரும் கைப்பேசி எண்ணும் எக்ஸெலில் அடித்து, கைப்பேசிக்கு மாற்றினார்கள். தமிழ்ப் பெயர்கள் யாவும் கேள்விக்குறிகளாக வந்தன. யு.டி.எஃப்-8 என்னும் எழுத்து முறையில் சேமிக்காததே காரணம். 91 சேர்த்த 12 இலக்க எண்களோ, 9.19 என்று தொடங்கி நடுவில் ஓர் ஆங்கில எழுத்தோடு முடிந்தன. அந்தப் பத்தியை எழுத்து வகை என்று முன்னதாகக் குறிப்பிடாவிட்டால் நீண்ட எண்ணை எக்ஸெல் சுருக்கிவிடும். சுருங்கியபடியே சேமித்தால் மூல எண் திரும்பாது. இவற்றைத் திருத்திய பின் இன்னொரு வினை. பழனிச்சாமி என்ற பெயரில் நால்வர் இருந்தனர். ஒரே பெயர்களை இணைக்கட்டுமா என்று கைப்பேசி கேட்டது. குமாஸ்தா ஆம் என்றார். நால்வரும் ஒருவராகிவிட்டனர்! செய்தி ஒருவருக்குப் போயிற்று. மற்ற மூவரும் மஞ்சளை வீட்டில் வைத்துக்கொண்டு அழைப்புக்காகக் காத்திருந்தார்கள். கூகிள் தொடர்புப் பட்டியலை 30 நாளுக்குள் பழைய நிலைக்குத் திருப்ப இயலும் என்பதால் அது பிழைத்தது. அங்கத்தினர் பதிவேட்டு எண்ணையும் தகப்பனார் பெயரின் முதலெழுத்தையும் பெயரோடு சேர்த்து எழுதினால் இந்தக் குழப்பமே இல்லை. நம் பதிவேடுகளில் எக்காலத்திலும் இருக்கும் வழக்கம்தானே இது?

விலாசப் பட்டியல் சீராக இருப்பது வசதிக்காக மட்டுமன்று. சாக்கு விற்பவரின் பெயரில் ஒரு சங்கத்துக்குக் கடிதம் வந்தது: வங்கிக் கணக்கு மாறிவிட்டது, பாக்கித் தொகையைப் புதுக் கணக்கில் செலுத்துக என்று. விலாசத்தில் ஓரெழுத்து மட்டும் வேறு. காரியதரிசி அம்மாள், கடிதத்தில் கண்ட எண்ணுக்குப் பேசாமல், தம் பழைய நோட்டில் எழுதியிருந்த எண்ணுக்குப் பேசினார். சாக்கு வியாபாரி அப்படி எழுதவே இல்லை. அந்த நோட்டு இல்லாதிருந்தால் பணம் போயிருக்கும். போய்விட்டால் காலம் தாழ்த்தாமல் 1930 என்ற எண்ணுக்கு முறையிட வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்க. பெட்டியின் அமைப்புகளுக்குள் நாம் அறியாமல் வேறு விலாசத்துக்குக் கடிதங்களைத் திருப்பிவிடும் கட்டளை இருக்கிறதா என்றும் பார்த்தல் நலம். திருடன் உள்ளே வந்தால் முதலில் செய்யும் வேலைகளில் அதுவும் ஒன்று.

"வாட்ஸ்அப் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. அவசரச் செய்திக்கு அது நல்லதே. ஆனால் அது ஒருவருடைய எண்ணோடு கட்டுண்டது. எண் போனால் எல்லாம் போகும். பேத்தியின் கல்யாணப் படங்கள் அங்கேயும் வரும். கடவுச்சொல் இரகசியம், அதை எப்படிக் குழுவுக்குச் சொல்வது என்று கேட்கும் காரியதரிசிகளின் அச்சம் நியாயமானது. ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. சங்கத்தின் பெயரில் தனிக் கணக்கு ஒன்று. மீட்புக்குச் சங்கத்தின் கைப்பேசி எண். கூகிள் தரும் 8 இலக்கமுள்ள 10 மாற்று எண்களின் அச்சுப்பிரதியும் கடவுச்சொல்லும் ஓர் உறையில், தலைவரும் காரியதரிசியும் குறுக்கே கையொப்பமிட்டு, இரும்புப் பெட்டிக்குள். ஒரு மாற்று எண் ஒரு முறைதான் செல்லும் என்பதால் உறை பிரிக்கப்பட்டால் தேதியோடு எழுதி வைக்க வேண்டும். இதற்குச் செலவு, உறையின் விலை மட்டுமே.

பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் சாவிகள், முத்திரை, காசோலைப் புத்தகம் ஆகியவற்றோடு மின்னஞ்சல் கணக்கும் விலாசப் பட்டியலும் ஓர் இனமாக எழுதப்படுதல் வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பயன்படுத்தாமல் விட்டால் கணக்கு தூங்கிக்கொண்டிருக்கும் என்றும் எண்ண வேண்டாம். இரண்டு ஆண்டு தொடாத தனிநபர் கணக்குகளைக் கூகிள் 2023 டிசம்பர் முதல் நீக்கத் தொடங்கிவிட்டது. தொடக்கச் சங்கங்களைக் கணினிமயமாக்க மத்திய அரசு 2022 ஜூனில் 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 63,000 விவசாயக் கடன் சங்கங்கள் அப்போது அதில் அடங்கின. இயந்திரம் வந்துவிடும். ஒப்படைப்புப் பட்டியலில் ஒரு வரி சேர்ப்பதற்கு மட்டும் எந்த அரசும் திட்டம் போடாது. அது நிர்வாகக் குழுவின் வேலை. அதைச் செய்யாத குழுவைப் பொதுக்குழுவில் கேட்பது அங்கத்தினர்களின் வேலை.

அந்த நெசவாளர் சங்கத்தில் இப்போது புதுக் கணக்கு இருக்கிறது. பழைய காரியதரிசி தம் படங்களை வேறிடம் மாற்ற இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். பழைய விலாசத்துக்கு வருபவை புதிதற்குச் செல்லவும் அவரே ஏற்பாடு செய்து கொடுத்தார். வியாபாரிகளின் விலாசங்களைப் பழைய பில் புத்தகங்களிலிருந்து குமாஸ்தா ஒவ்வொன்றாகப் பொறுக்கி எழுதினார்; எழுபதுக்கு மேல் தேறின, சில கிடைக்கவேயில்லை. பெங்களூர் வியாபாரிக்கு முதல் கடிதம் போயிருக்கிறது. அது திரும்பி வரவில்லை. பதிலும் இந்தக் கட்டுரை எழுதும் வரை வரவில்லை. பங்குனியில் நான் மறுபடி அங்கே செல்கிறேன். ரொக்கத்தை எண்ணிய கையோடு உறையையும் கேட்பேன்.